கரிக்கண்ணாடியில் கண்ட மழை

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாரிகாலத்தில் எனக்குக் கிடைத்த வேலை கண்ணாடித் துண்டுகளுக்குக் கரி பிடிப்பது. அம்பாறைப் பக்கத்து ஓடுபாதையில் சின்ன விமானம் ஒன்று வந்து நின்றது. மேற்கே மலைத்தொடரில் மாரிமேகம் வந்து முட்டும்போது அது மேகத்துக்குள் புகுந்து, குளிர் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, துளி எத்தனை என்று அளந்துகொண்டு திரும்பும். துளியைப் பிடிப்பதற்குத்தான் என் கண்ணாடி. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் அதைக் காட்டி, ஒரே சீராகக் கரி படிய வைப்பேன். மேலே போனதும் ஒரு குழாய் வழியாக அதை மேகத்துக்குள் நீட்டி, சட்டென்று உள்ளே இழுப்பார்கள். துளி பட்ட இடத்தில் கரியில் ஓட்டை விழுந்திருக்கும். நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணுவார்கள்.

வரிப்பத்தான்சேனையில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். ஒலுவிலிலிருந்து என் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, மாப்பிள்ளையாக வந்து எங்களோடு இருந்தவர் அவர். "பிளேன்ல வேலையெண்டு போனவன் சட்டி கழுவினவன் மாதிரி வாறான்" என்று என் கையைத் தூக்கி அயலவர்களுக்குக் காட்டினார். தேத்தண்ணிக் கடையில் ஒருவர், மேகத்துக்கு நாடி பிடிக்கிறார்கள் என்றார். நாடி பிடித்த பரிகாரி மருந்தும் தரவேண்டுமே என்றார் பக்கத்திலிருந்தவர். எனக்கு இந்தக் கதைகள் இனித்தன. நாலாம் வகுப்போடு நின்ற என்னிடம் ஊரே வந்து விசாரித்தது.

சிரிப்பெல்லாம் மார்கழி பாதி வரைக்கும்தான். அந்த முறை மழை விதைப்புக்குப் பெய்தது, பயிரைக் கிளப்பிவிட்டது, பிறகு நின்றுவிட்டது. மலைக்கு மேலே மேகம் கறுத்துக் கிடக்கும்; எங்கள் பக்கம் ஒரு சொட்டு இறங்காது. கதிர் தண்டுக்குள் உருவாகிற குடலைப் பருவத்தில், பயிருக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரத்தில், வயலுக்குத் தண்ணீர் தருகிற குளம் மதகு மட்டத்துக்குக் கிட்ட வற்றிவிட்டது.

அப்படியான வருடத்துக்கு எங்கள் வயல்வெளியான வட்டையில் ஓர் ஒழுங்கு உண்டு. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல்களுக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள். கடைசியில் உள்ளவர்கள் தங்கள் பயிரைக் காயவிட்டு, தலைப்பில் விளைகிற நெல்லில் பங்கு எடுப்பார்கள். எல்லோருக்கும் அரை வயிறு, ஒருவருக்கும் பட்டினி இல்லை. தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையார் அதைச் சொல்லத்தான் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எல்லோரையும் குளக்கட்டுக்கு அழைத்தார்.

லாத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்த இரண்டு ஏக்கரும் கடைசி வாய்க்காலில் கிடந்தன. மச்சான் அதை முதன்முதலாகத் தன் கையால் உழுது விதைத்திருந்தார். விதானையார் பேசி முடித்ததும் மச்சானின் முகம் செத்துப்போனது. பிறகு என்னைப் பார்த்தார்.

"இவன்ட்ட ஒருக்காக் கேப்பம் விதானையார். மேகத்துக்குள்ளதானே இவன்ட வேல."

விதானையார் என் பக்கம் திரும்பினார். "சொல்லு தம்பி, மேகத்துல தண்ணி இரிக்கா?"

முந்தின நாள்தான் விமானத்தில் வந்த ஆய்வாளர் என்னை நுணுக்குக்காட்டியில் பார்க்க விட்டிருந்தார். கரி முழுக்க ஓட்டை, ஊசியால் குத்தித் தீர்த்தது போல. தண்ணீருக்குக் குறைவில்லை என்றார் அவர். ஆனால் எல்லாம் பொடித்துளி, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தால்தான் கீழே விழும், இவை பெருக்கிற மாதிரித் தெரியவில்லை என்றும் சொன்னார். இரண்டையும் கேட்டேன். இரண்டும் எனக்கு விளங்கின.

"ஓம் விதானையார். நிறைய இரிக்கி. என்ட கண்ணால கண்டன்."

மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னது பொய்யில்லையே என்று மனதைச் சமாளித்தேன்.

முதலில் எழுந்தவர் தலைப்பு வயல்காரர் ஒருவர், நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். ஒழுங்குப்படி தண்ணீர் அவருடையது. மழை கிட்டத்தில் இருக்கிறதென்றால் மற்றவன் பயிரைக் காயவிட்டுத் தன் பயிருக்குப் பாய்ச்ச மனம் கேட்காது, எல்லோருக்கும் விடுங்கள் என்றார். அவரே அப்படிச் சொன்ன பிறகு விதானையாரால் மறுக்க முடியவில்லை. அன்றே எல்லா வாய்க்காலுக்கும் திறந்துவிட்டார்கள்.

எல்லா வயலும் கொஞ்சம் நனைந்தது, ஒரு வயலும் நிறையவில்லை. பத்து நாளில் குளம் சேறாகி வெடித்தது. விமானம் வேலை முடிந்து போய்விட்டது. மேகம் மட்டும் மலையிலேயே கிடந்தது. கதிர்கள் வெள்ளையாக வெளியே வந்தன. உருவிப் பார்த்தால் கை நிறையப் பதர்.

தை மாதத்தில் ஒரு காலை அந்தத் தலைப்பு வயல்காரர் எங்கள் வீட்டு வளவுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவரோ ஆலோசனை கேட்க வந்திருந்தார்.

"ஒரு மூலையில கொஞ்சம் பச்ச கிடக்கு தம்பி. இன்னும் ரெண்டு நாள் பாக்கவா, மாட்ட உடவா?"

அப்போதுதான் சொன்னேன், பொடித்துளியின் கதையை, முழுவதுமாக.

"அண்டைக்கே உனக்கு இது தெரியுமா?"

"ஓம் காக்கா."

அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே மச்சானின் இருமல் கேட்டது.

"ஒருத்தருக்கும் சொல்லிராத" என்றார் தாழ்ந்த குரலில். "வந்த மாப்பிள்ள. கேட்டவன் அவன்தானெண்டு ஊரு அவனத்தான் குத்தம் சொல்லும்."

பின்னேரம் அவர் தன் வயலுக்கு மாடுகளை ஓட்டி வந்தார். வேலிக் கம்புகளை நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வழிவிட்டேன். மாடுகள் நேரே அந்தப் பச்சை மூலைக்குத்தான் போயின.