முதல் பத்தியை அடிக்காதவள்

நகராட்சி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் என்று ஒருத்தி இருப்பதே பலருக்குத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அடிக்கிறவள் படிக்காமல் இருக்க முடியுமா?

அவள் வீடு ஏரிக்கரையில். சாயப்பட்டறைக் கழிவு ஏரியில் கலந்ததிலிருந்து, கிணற்றுத் தண்ணீர் பட்டாலே மகளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

மன்றத்தில் இரண்டு கட்சிக்கும் சரிபாதி ஆள். ஒன்றுக்கு மரக்கடைக்காரர் தலைவர், மற்றதற்கு வக்கீல். கழிவைத் தடுக்க இருவருமே தீர்மானம் கொண்டுவந்தார்கள், தனித்தனியாக. ஒருவர் கொண்டுவந்ததை மற்றவர் கவிழ்த்தார். மூன்று தடவை இப்படி. எல்லாம் முதல் பத்தியால் வந்த வினை. அதில் எதிர்க்கட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே இருந்த ஏழு வரிகளை இருவருமே நகராட்சிப் பொறியாளரின் குறிப்பைப் பார்த்து எழுதியிருந்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

நான்காவது தடவை இருவரும் அடிக்கக் கொடுத்தபோது, அவள் ஒரே தாளில் அந்த ஏழு வரிகளை மட்டும் அடித்து, அடியில் இருவர் பெயரையும் போட்டாள்.

கூட்டத்தன்று காலை இருவரும் அவள் மேசைக்கு வந்துவிட்டார்கள்.

"முதல் பத்தி எங்கேம்மா? கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா?" என்றார் மரக்கடைக்காரர்.

"கம்ப்யூட்டர் நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் அடிக்கல."

"வாயில்லாப் பூச்சின்னுல்ல நினைச்சேன்!" என்று வக்கீல் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்த ஆளு பேரோட என் பேரா?"

"எனக்கு மட்டும் இனிக்குதாக்கும்! இந்தாம்மா, வேலை போயிடும், தெரியும்ல?"

அவள் தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"போகட்டுங்க. திட்டணும்னா வெளிய மைக் போட்டுத் திட்டிக்குங்க. எம்பொண்ணு தூங்காம சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்கா. இந்த ஏழு வரியில எது தப்புன்னு காட்டுங்க, மாத்தித் தர்றேன். அந்தப் பத்திய மட்டும் இனி அடிக்க மாட்டேன்."

இருவரும் படித்தார்கள். மறுபடியும் படித்தார்கள்.

"இது நாங்க எழுதினதுய்யா," என்றார் மரக்கடைக்காரர்.

"நாங்க எழுதினது!" என்றார் வக்கீல்.

"அப்ப ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க," என்று பேனாவை நீட்டினாள்.

வக்கீல் போட்டார். அவரைவிடப் பெரிதாக மரக்கடைக்காரர் போட்டார். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள், தீர்மானத்தை மாற்றி அடித்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்தது. "தெரியாம செஞ்சுட்டேன்னு எழுதிக் குடுத்துடும்மா, விட்டுடுவாங்க," என்றார் தலைமை எழுத்தர்.

"தெரிந்தேதான் செய்தேன்" என்று ஒரே வரி அடித்து, கையெழுத்துப் போட்டு, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.