எட்டு இஞ்ச் ஸ்பீக்கரும் பெரிய பெட்டியும்

கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுவது வேதமுத்துவின் வேலை. கடையில் உட்கார்ந்து ரேடியோ பழுது பார்ப்பதும், ஸ்பீக்கர் பெட்டி செய்து கொடுப்பதும் அவர் மனைவி ஞானபூரணத்தின் வேலை. தபால் வழியாக ரேடியோ படிப்பை முடித்தவள் அவள். சங்கரன்கோவிலில் அந்தக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், “அண்ணாச்சி இல்லையா?” என்று கேட்பார்கள். “அவுக பந்தல்ல இருக்காக. என்ன ரிப்பேரு?” என்பாள். இரண்டாம் தடவை வருகிறவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

எண்பத்து மூன்றில் உச்சிமாகாளி வந்தார். விசைத்தறிக்கூடம் வைத்திருந்தவர், புதுவீடு கட்டி முடித்திருந்தார். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து டேப் ரிக்கார்டரும் ஆம்ப்ளிபயரும் கொண்டு வந்திருந்தார். ஸ்பீக்கர் மட்டும் இல்லை.

“ஒத்த ஸ்பீக்கர் போதும் தாயி. ஆனா பன்னெண்டு இஞ்சு போட்டுரு. வாரவன் பாத்தா அசரணும்.”

“பாக்கவா வாங்குதீக, கேக்கவா?”

உச்சிமாகாளி சிரித்தார். “ரெண்டுக்குந்தான்.”

“அப்ப வீட்டுக்கு வந்து கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

பாவு நூல் மாற்றுவதற்காகத் தறிகளை நிறுத்தியிருந்த ஒரு மத்தியானம், நான்கு, எட்டு, பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் பொருத்திய மூன்று பெட்டிகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆடித்தபசுத் திருவிழா அன்று ரதவீதியில் அவரே பதிவு செய்த நாதஸ்வர கேசட்டை உச்சிமாகாளி எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவி சீனியம்மாளும் வந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டில் தவில் நெஞ்சில் வந்து இடித்தது. நாதஸ்வரமோ போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கிக் கிடந்தது. நான்கில் நாதஸ்வரம் பளிச்சென்று வந்தது, தவில் தகரமாகிவிட்டது. எட்டில் இரண்டும் சேர்ந்து நின்றன.

“தாளம், அந்த ஜால்ராச் சத்தம், எதுல நல்லாக் கேட்டுச்சு?” என்று ஞானபூரணம் கேட்டாள்.

“சின்னதுலயும் நடுவுள்ளதுலயும்” என்றாள் சீனியம்மாள்.

“தாளமா?” என்றார் உச்சிமாகாளி. “தாளக்காரர் அன்னைக்கு வரலைன்னுல்லா நெனச்சேன்.”

சீனியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “ஒங்க பக்கத்துலதான நின்னாரு.”

உச்சிமாகாளி வாலிபத்திலிருந்து தறிச் சத்தத்திலேயே நின்ற மனுஷன். மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காதைவிட்டுப் போனது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. டேப்பை நிறுத்திவிட்டு, “பெறகு எனக்கு எதுக்கு? எதையாவது வச்சிட்டுப் போ” என்றார்.

ஞானபூரணம் போகவில்லை. ஒரே ஸ்பீக்கரில் எல்லாச் சத்தமும் வரும்போது, தாளம் போன்ற மெல்லிய சத்தம் ஸ்பீக்கர் கூம்புக்கு நேர் எதிரேதான் நன்றாக விழும். கூம்பு பெரிதாக ஆக, பக்கவாட்டில் இருக்கிறவருக்கு அது கிடைக்காது. அவர் நாற்காலியோ பக்கவாட்டில், சுவரோரம் கிடந்தது. மெல்லிய சத்தத்துக்காக நடுவில் சின்னக் காகிதக் கூம்பு ஒட்டிய அந்த எட்டு இஞ்ச் ஸ்பீக்கரை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றி, அவர் காது உயரத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“தலைய அசைக்காம கேளுங்க அண்ணாச்சி.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாதஸ்வரம் மேலே ஏறியது. அவருடைய விரல் முழங்காலில் மெல்லத் தட்டத் தொடங்கியது. சீனியம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளத்தில் ஒரு தட்டுகூடத் தப்பவில்லை.

“லேசாத்தான் இருக்கு” என்றார் கண்ணைத் திறக்காமலே. “ஆனா இருக்கு.”

“எட்டே போடுதேன். பெட்டிய மட்டும் பெருசாச் செய்யுதேன். தவில் சத்தத்துக்கு உள்ள எடம் வேணும். வாரவுக அந்தப் பெட்டியப் பாத்து அசரட்டும்.”

சாயங்காலம் கடைக்குத் திரும்பிய வேதமுத்து, பன்னிரண்டு இஞ்ச் பெட்டி பழைய இடத்திலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, “விக்கலியா?” என்றார்.

“அந்த வீட்டுக்கு அது ஆகாது” என்றபடி அவள் புதுப் பலகையில் எட்டு இஞ்ச் வட்டம் போட்டாள்.

அடுத்த வாரம் உச்சிமாகாளி ஒரு பை நிறையப் பஞ்சோடு தறிக்கூடத்துக்குப் போனார். காதில் வைத்துக்கொள்ளச் சொன்னதும் தறிக்காரர்கள் சிரித்தார்கள். அவர் தன் காதில் முதலில் வைத்துக்கொண்டு, அவர்கள் வைக்கும்வரை மோட்டார் சுவிட்சைப் போடாமல் அதன் மேல் கையை வைத்தபடி நின்றார்.