விற்பவர் பெயர் பகவதி

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் இறந்தவர்களின் வீடுகள் புல்வெளிக்கு வந்துவிடுகின்றன. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கார் பூட் சேல் என்று பெயர். ஊருக்கு வெளியே வரிசையாகக் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாததையெல்லாம் மடக்கு மேசையில் பரப்பி விற்பார்கள். தேநீர்க் கோப்பைகள், யாருடைய பவரோ தெரியாத மூக்குக் கண்ணாடிகள், பாதி பின்னி ஊசியோடு நிற்கும் ஸ்வெட்டர், சட்டம் போட்ட ஒரு கல்யாணப் படம். நம் பக்கத்தில் இறந்தவர் துணியைப் பாபநாசத்து ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறி வருவோம். இங்கே அதே துணியைத் துவைத்துத் தேய்த்து, ஹேங்கரில் மாட்டி, விலைச் சீட்டு ஒட்டி வெயிலில் தொங்கவிடுகிறார்கள். காற்றடித்தால் அந்தக் கோட்டுகள் கை வீசும். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் அந்த வரிசைப் பக்கமே நான் போக மாட்டேன்.

அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. வாங்க வருகிறவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள். பொருளுக்கு நேரே கேமராவைக் காட்டினால் போதும், அதே போன்ற பொருள் உலகத்தில் வேறெங்கே, என்ன விலைக்கு விற்பனையில் இருக்கிறது என்று படம் படமாக வந்து விழும். இங்கே குறைவாக வாங்கி இணையத்தில் கூட்டி விற்கலாமா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நானும் அப்படித்தான் பழகினேன். சும்மாவே பேரத்தில் நான் கெட்டி. அம்பாசமுத்திரம் சந்தையில் என் தலையைக் கண்டாலே கத்தரிக்காய்க்காரருக்கு முகம் சுருங்கிப் போகும். போனும் கையில் சேர்ந்த பிறகு கேட்கவேண்டுமா? என் கணவர் செல்வம் வள்ளியூர்க்காரர், கூச்ச சுபாவம். நான் வாயைத் திறந்ததும் இரண்டு கார் தள்ளிப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன கோடையில் ஒரு நாள், ஒரு பெரியவரின் மேசையில் பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. நாம் உப்பு மாங்காய் போட்டுத் துணி கட்டி வைப்போமே, அதே ஜாடி. இவர் அதில் குடையைச் செருகி வைத்திருந்தார். வழக்கம்போல் போனைக் காட்டினேன். வந்து விழுந்த படங்களில் மூன்றாவதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜாடி சிவப்புச் சிமெண்டுத் தரையில் இருந்தது. அந்தத் தரையில் பல்லி வடிவத்தில் ஒரு விரிசல். கேஸ் சிலிண்டர்க்காரர் தொப்பென்று இறக்கிப் போட்டு உண்டாக்கிய விரிசல் அது. அவரோடு அம்மா சண்டை போட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு அடுப்படித் தரை அது.

படத்தைத் தொட்டேன். நம்மூரில் பழைய பொருள் விற்கிற ஓர் ஆப்புக்குள் போனது. இடம், திருநெல்வேலி மாவட்டம். விற்பவர் பெயர், பகவதி.

பகவதி என் அம்மா. அவள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் பேசாமல் நின்றதைப் பெரியவர் பேரம் என்று எடுத்துக்கொண்டார். தானாகவே விலையைக் குறைத்தார். நான் அப்போதும் பேசவில்லை. இன்னும் குறைத்தார். கடைசியில் குடையை உருவி வைத்துவிட்டு, "டேக் இட், லவ்" என்று ஜாடியைச் சும்மாவே என் கையில் கொடுத்துவிட்டார். என் வாழ்க்கையில் வாய் திறக்காமல் ஜெயித்த பேரம் அது ஒன்றுதான்.

மதியம் அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா பாபநாசம் – திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அந்த வீட்டில் ஒற்றையாக இருக்கிறார். நான் ஒரே பிள்ளை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பழைய போனில் வீடியோவில் வருவார். எப்போதும் அதே நாற்காலி, பின்னால் அதே சுவர். சுவரில் அம்மா படம், காலண்டர், கடிகாரம், பக்கத்தில் மர அலமாரியின் பாதி.

"அப்பா, மாங்காய் ஜாடி இருக்கா?"

"இருக்கே. அது எங்க போவும்? மச்சுல கெடக்கு. என்னம்மா திடீர்னு?"

"சும்மாதான். வீட்ட ஒருக்கா சுத்திக் காட்டுங்களேன்."

"கை வலிக்கும்மா. அடுத்த வாரம் காட்டுதேன்."

அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் வந்தது. அவர் சொன்னதையே கொஞ்சம் பிந்திச் சொன்னது. டவர் சரியில்லை என்றார். நானும் அப்படியே நம்பினேன்.

அடுத்த வாரம் அந்த ஆப்பில் பித்தளைத் தூக்குவாளி வந்தது. அதற்கடுத்து தையல் மெஷின், பிறகு முறுக்கு அச்சும் குத்துவிளக்கும். தரைதான் ஒவ்வொரு படத்திலும் மாறியது. அடுப்படி, முன்கூடமான பட்டாளை, உள்ளறை என்று யாரோ என் வீட்டுக்குள் பைய நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளறைப் படத்தில் பீரோ நின்ற இடம் சுவரில் வெளுப்பாக, ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கடிகாரம் ஓடியது. பின்னால் வந்த அந்த இரண்டாவது குரல் மட்டும் வாராவாரம் தெளிவாகிக்கொண்டே வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குப் பயம் வந்துவிட்டது. அழைப்பை முடித்த பிறகும் காதில் அது நிற்கும்.

குத்துவிளக்குக்குக் கீழே எழுதியிருந்த வரிதான் என்னை மீட்டது: "சரியான சில்லறை கொண்டு வரவும்." கீரைக்காரிகூட போனில் பணம் வாங்குகிற காலத்தில் சில்லறை கேட்பவர் அந்த மாவட்டத்தில் ஒருவர்தான் இருக்கமுடியும். அம்மாவின் போன், அதனால் அம்மாவின் பெயர். விற்பவர் அப்பா. குரல் எதிரொலித்தது டவரால் அல்ல, வீட்டில் சாமான் இல்லாததால்.

பயம் போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. அந்த மனிதர் ஏன் வீட்டைக் காலி செய்கிறார்? கடனா, நோயா? நேரே கேட்டால் இன்னொரு ஜாடிக் கதை சொல்வார். செல்வத்தின் இந்திய எண்ணில் அந்த ஆப்பை இறக்கினேன். பெயர் கேட்டதற்கு அவர் விளையாட்டாக "வள்ளியூர்" என்று போட்டுவைத்தார். அந்தப் பெயரில் அப்பாவுக்கு எழுதினேன்: "குத்துவெளக்கு இருக்கா?"

"பகவதி தட்டச்சு செய்கிறார்" என்று திரையில் வந்தது. அப்பா ஒற்றை விரலால் எழுதுகிறவர், வெகுநேரம் அந்த வரி அப்படியே நின்றது. அம்மா எங்கேயோ உட்கார்ந்து எனக்குப் பதில் யோசிக்கிறாள் என்று ஒரு கணம் நம்பினேன். அந்தக் கணம் எனக்கு வேண்டியும் இருந்தது.

"வித்துட்டு அண்ணாச்சி. வேற என்ன வேணும்?"

பெற்ற அப்பா என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"வீட்டையே காலி பண்ணுதியளா?" என்று கேட்டேன்.

பதில் துண்டு துண்டாக வந்தது. "ஆமா அண்ணாச்சி. எம் மக சீமையில இருக்கா. நான் போன பெறவு அவ லீவு போட்டு வந்து இதோட மல்லுக்கட்டணுமா? அவ அம்மா போனப்ப வந்திருந்தா. ஒவ்வொரு சாமானா போனக் காட்டி வெல பாத்தா. வச்சுக்கிடுதவங்க வெல பாப்பாங்களா? அவளுக்கு வேண்டாம்னு எனக்கு வெளங்கிட்டு. அதான் நானே பைய கொடுத்துக்கிட்டு வாரேன்."

அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்துபோன வீட்டில் எனக்கு அழுகை வரவே இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. தெரிந்த வேலை அதுதான். ஜாடிக்கு நேரே, தூக்குவாளிக்கு நேரே, அம்மாவின் தையல் மெஷினுக்கு நேரே போனைக் காட்டிக்கொண்டு நடந்தேன். விலைக்காக இல்லை. அம்மா தொட்டுப் புழங்கியதைப் போல் இன்னொன்று உலகத்தில் எங்காவது இருந்துவிடுமோ என்றுதான் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இருந்தது. அப்பா தோளில் துண்டோடு பின்னாலேயே வந்து, "இதுல வெலயும் காட்டுதா?" என்று கேட்டார். காட்டும் என்று சொல்லி, எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தேன். அவர் அத்தனை கவனமாகக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கணவரின் போனை மறுபடி எடுத்தேன். "நான்தான்ப்பா" என்று எழுதி, அழித்தேன். வாராவாரம் அந்தச் சுவரை எனக்காகக் கட்டிக் காத்தவர், அது எனக்குத் தெரிந்துபோயிற்று என்று அறிந்தால் எந்த முகத்தோடு அதன் முன்னால் உட்காருவார்? கடைசியில் இப்படி எழுதினேன்: "ஒக்காருத நாற்காலி எதுவும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. இப்ப தர ஆவாது. ஞாயித்துக்கிழம மக வீடியோல வருவா. நாக்காலி இல்லன்னா கேப்பா. என் காலம் முடிஞ்ச பெறவு அவகிட்ட கேட்டு வாங்கிக்கிடுங்க. ஒண்ணு சொல்லுதேன், அவகிட்ட பேரம் பேசிராதீங்க. ஜெயிக்க மாட்டீங்க."

என் வாழ்நாளில் நான் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அந்த நாற்காலிதான். விலையே கேட்கவில்லை. "நான் எடுத்துக்கிடுதேன். இப்ப கொண்டு போக எடம் இல்ல. நீங்களே அதுல ஒக்காந்து பத்திரமா பாத்துக்கிடுங்க. சொவத்துல இருக்குதது எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், அதுவும் எனக்குத்தான்" என்று எழுதினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா வந்தார். நான் சமையலறையில், எனக்குப் பின்னால் குடைக்காரப் பெரியவரின் ஜாடி. அப்பா அதையே பார்த்தார். "நம்ம ஜாடி மாதிரியே இருக்கே" என்றார். "ஆமாப்பா" என்றேன். அவர் குரல் காலி வீட்டைச் சுற்றி வந்து இரண்டாவது முறையாக என்னிடம் வந்து சேர்ந்தது. நாற்காலியின் கையில் தாளம் போட்டுக்கொண்டே, "இத மட்டும் ஒரு வள்ளியூர்க்காரரு கேட்டுருக்காரு. வெலகூட கேக்கல, நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, "மழ பெஞ்சுதா அங்கன?" என்று மாற்றிவிட்டார். பெய்தது என்றேன்.

அழைப்பை முடித்துவிட்டுச் செல்வத்தின் போனை எடுத்துப் பார்த்தேன். நான் நாற்காலியைக் கேட்ட அன்றே வந்த பதில் ஒன்று அங்கே கிடக்கிறது. படித்துவிட்டேன் என்று அப்பாவுக்கும் காட்டியிருக்கும். அம்மா இருந்தவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைசியாகக் கேட்கிற கேள்வி. இப்போதும் அவள் பெயரில்தான் வந்திருக்கிறது, யாரோ ஒரு வியாபாரிக்கு.

"எப்ப வாரீங்க?"