அன்றைக்கு ஏன் வேலைக்குப் போகவில்லை

தங்கவேல் அண்ணனுக்கு வாய் ஓயாது. அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன். இரவெல்லாம் செல்போனில் வீடியோ பார்ப்பார். விடிந்ததும் என் டீக்கடைக்கு வந்து, பார்த்ததை யார் தலையிலாவது கட்டாமல் தூங்கப் போகமாட்டார். எங்கள் செலியமேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. இவருக்கு அமெரிக்காவில் விழுந்த இரட்டைக் கோபுரம்.

"விமானம் மோதி வுழல, எளவரசி. உள்ள வெடி வச்சி எறக்கிட்டானுங்க."

சொல்லிக்கொண்டே என் கண்ணாடி டம்ளர்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார். பக்கவாட்டில் தட்டுவார். "பாரு, சாயுதா? கோபுரம் சாயல, நேரா எறங்குச்சி. தீயில இரும்பு உருகுமா?"

"உருக வாணாம்ணா, தொவண்டா போதும். என் அடுப்புக் கம்பி எப்டி தொங்குது பாரு" என்பேன்.

"அடுப்பு வேற, டவரு வேற." அதோடு என் வாதம் முடிந்தது. பிறகு கடைசி அஸ்திரத்தை எடுப்பார். "அன்னிக்கி அங்க வேலைக்கே வராதவன் எத்தினி பேரு தெரிமா? முன்னயே தெரிஞ்சவன் எப்டி வருவான்?"

"எவனுக்காவது காய்ச்சலா இருந்திருக்கும். எவனாவது புள்ளைய ஸ்கூல்ல வுடப் போயிருப்பான்" என்று நான் சொன்னால், ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என் கடை எதிரில்தான் வேனுக்கு நிற்பார்கள். அவர்களில் யாராவது ஒருவன் தினமும் அவரிடம் மாட்டுவான். கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார், லேசில் விடமாட்டார். டம்ளர் உருண்டு உடைவதும் உண்டு. எதிரில் நிற்பவன்தான் சில்லு பொறுக்க வேண்டும். அவருடைய தங்கை வேலம்மாளின் மகன் பாக்யராஜ் மட்டும் மாட்டவே மாட்டான். மாமா குரல் கேட்டதும் டீயை மடமடவென்று குடித்துவிட்டு, முதல் ஆளாக வேனில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

அந்தப் பாக்யராஜ்தான் போய்விட்டான். ஊருக்கு வெளியே அவர்கள் கட்டிக்கொண்டிருந்த ஏழு மாடிக் கட்டடம், மேல் தளத்துக்குக் கான்கிரீட் போடும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டது. கீழே நின்றவர்களில் மூன்று பேர் செத்தார்கள். தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைச் சீக்கிரம் பிரித்ததுதான் காரணம் என்று வந்து பார்த்த இன்ஜினியர்கள் சொன்னார்கள்.

தங்கவேல் அண்ணன் ஒப்பவில்லை. "நேரா எறங்கியிருக்கு. வெடிதான்." தூக்கிவளர்த்த பிள்ளை நாலு முட்டுக்காகச் செத்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. யாராவது வேண்டுமென்றே செய்திருந்தால்தான் அவர் மனசு அடங்கும். அது எனக்குப் புரிந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெடி என்றால் வைத்தவன் ஒருவன் வேண்டும் அல்லவா? தேடினார். அன்றைக்கு வேன் ஏறாதவன் எங்கள் ஊரில் ஒரே ஆள், அய்யனார். பாக்யராஜோடு சேர்ந்து சென்ட்ரிங் வேலை செய்தவன்.

பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம் அய்யனார், "சும்மா போவல" என்று தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு பதில் போதாதா? அவன் மனைவி தேவியோடு குழாயடியில் யாரும் பேசவில்லை. யாரோ அவன் பைக்கின் டயரைக் கிழித்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில், பாக்யராஜின் கூட்டாளிகள் அய்யனாரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்தார்கள். பாகூர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார்களாம். போகிற வழியில் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் மூஞ்சியிலேயே தெரிந்தது. ஒருவன் கையில் கம்பி இருந்தது. தேவி இடுப்பில் குழந்தையோடு அலறிக்கொண்டே ஓடிவந்தாள். வேலம்மாளும் வந்து நின்றாள், அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல்.

"வுடுங்கடா அவன!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

தங்கவேல் அண்ணன் அவன் எதிரில் போய் நின்றார். "ஒரே ஒரு கேள்விதான்டா. அன்னிக்கி ஏன் போவல?"

அய்யனார் வேலம்மாளைப் பார்த்தான். பின்னாலிருந்து ஒருவன் அவன் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"சொல்லுடா! யாரு உன்ன போவாதன்னு சொன்னது?" என்றார் தங்கவேல் அண்ணன்.

"நீதான் மாமா."

யாருக்கும் புரியவில்லை. அவன் கட்டைவிரலை நீட்டினான். குறுக்கே ஒரு கோடு, காய்ந்து கறுத்திருந்தது.

"அன்னிக்கி காலைல டம்ளர் அடுக்கிக் காட்டினல்ல, ஒண்ணு வுழுந்து ஒடஞ்சிது. பொறுக்கசொல்ல வெட்டிகிச்சி. அப்பவும் நீ என் கைய வுடல, அமெரிக்காவுல விமானம் மோதாமலே வுழுந்த அந்த மூணாவது கட்டடத்தப் பத்திச் சொல்லிகினே இருந்த. பாக்யராஜ் வேன்லேருந்து கூப்ட்டான். ஆரன் அடிச்சாங்க. வேன் போயிடுச்சி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த விரலில் காப்பித்தூளை வைத்து அழுத்தியது நான். மத்தியானம் வந்த சாவுச் செய்தியில் காலையில் நடந்தது எல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

"ஆமா" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் பாத்தேன். காப்பித்தூள் வச்சது நானு. இவருதான் புடிச்சி வச்சிகினு இருந்தாரு."

கம்பி வைத்திருந்தவன் அதைக் காலோடு சேர்த்துத் தாழ்த்திக்கொண்டான். சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

தங்கவேல் அண்ணன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தினம் ஒருவனைப் பிடித்துவைக்கிற மனுஷன். அன்றைக்கு யாரைப் பிடித்தோம் என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"அத்தை மூஞ்சியப் பாத்துகினு எப்டி மாமா சொல்றது?"

வேலம்மாள் மெதுவாக நடந்து அண்ணனிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"என் புள்ளையையும் ஒருநாள் இப்டி புடிச்சி வச்சிருக்கக் கூடாதாண்ணா?"

அவர் அங்கேயே, என் கடை வாசலில், தரையில் உட்கார்ந்துவிட்டார்.