மூழ்கிய போத்தலும் ஒரு பைக்கற் உப்பும்

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ரீச்சர் கண்ணாடித் தொட்டிக்குள் விட்ட போத்தல் நேரே அடியில் போய்க் குந்திவிட்டது. அந்தப் போத்தலைச் செய்து கொடுத்தவன் நான்.

மட்டக்களப்பில் எடுக்கப்படும் பிள்ளைகளுக்கான விஞ்ஞான நிகழ்ச்சி ஒன்றுக்கு மூன்று வருடமாகச் சாமான் செய்து கொடுக்கிறேன். அதற்கு முன் சைக்கிள் திருத்தினேன். படித்தது பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரைதான். பழைய டியூப், ஐஸ்கிரீம் கப், பேனா மூடி என்று எந்த வீட்டிலும் கிடக்கும் சாமானில் படகும் காற்றாடியும் செய்வேன். செட்டுக்குப் பின்னால் நிற்பதுதான் எனக்கு வசதி. நாலு பேருக்கு முன் கதைக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நிகழ்ச்சியை நடத்துபவர் முன்பு பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் ரீச்சர். செய்துகாட்டுவது பிழைத்து, சரிவராமல் போனால் அதை வெட்டி எறிய விடமாட்டார். ஏன் பிழைத்தது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைப்பார்.

அன்று போத்தலுக்குள் மணல் போட்டு, மூடி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி அளவு பார்த்து வைத்திருந்தேன். இன்னொரு கரண்டி மணல் போட்டால் மூழ்க வேண்டும். கரண்டியைத் தொடுமுன்பே மூழ்கிவிட்டது.

“கட்! என்ன அண்ணன், ஓட்டைப் போத்தலா கொண்டு வந்தீங்க?” என்றார் டிரெக்டர் தம்பி. “மணலக் கொஞ்சம் எடுங்க, மறுகா எடுப்பம்.”

“கட் இல்ல, ஓடட்டும்,” என்றார் ரீச்சர். என் பக்கம் திரும்பினார். “செஞ்சவர் இஞ்ச வாங்க. பிள்ளைகள் உங்களத்தான் கேக்கணும்.”

போய் நின்றேன். முகத்தில் லைட். முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள். ஓட்டை என்று சொன்னால் தப்பிவிடலாம். ஆனால் உள்ளே மணல் காய்ந்தபடியே இருந்தது.

வாகரையிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்தாள். “அங்கிள், நீங்க முதல்ல விட்டுப் பார்க்கல்லயா?”

“பார்த்தன் புள்ள. மிதந்தது. போத்தல்ல ஓட்டை இல்ல. இஞ்ச ஏன் அடியில தாண்டது எண்டு எனக்கும் விளங்கல்ல.”

“எங்க விட்டுப் பார்த்தீங்க?”

“தன்னாமுனையில. வீட்டுக்குப் பின்னால, வாவியில.”

அவள் தொட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள். “இது கிணத்துத் தண்ணி. சப்புண்டு கிடக்கு. வாவியில கடல் தண்ணி கலக்கும், அது உப்பு தானே!”

ரீச்சர் சிரித்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவரை நான் மதிப்பது இதற்குத்தான்.

கன்டீனிலிருந்து ஒரு பைக்கற் உப்பு வந்தது. பிள்ளைகள் கைக்கொரு பிடி போட்டுக் கலக்கினார்கள். ஐந்தாவது பிடியில் போத்தல் அசைந்தது. பிறகு மெல்ல மெல்ல எழும்பி மூடியை வெளியே நீட்டியது. டிரெக்டர் தம்பியே கை தட்டிவிட்டார்.

“அங்கிள்,” என்றாள் அந்தப் பிள்ளை, “அடுத்த முறையும் பிழைக்கிற சாமான் ஒண்டு கொண்டு வாங்க.”

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காட்டப்போகும் தண்ணீரிலேயே சோதித்துப் பாருங்கள். அதையும் மீறிப் பிழைத்தால், பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். போத்தல் ஓட்டை என்று நான் சொல்லியிருந்தால், அவள் தொட்டிக்குள் விரலை விட்டிருக்க மாட்டாள்.