மீன் பெயரில் ஒரு மனிதத் துணுக்கு

அவளை வேலையிலிருந்து அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. பதினோரு வருடக் குறிப்பேடுகளை அட்டைப்பெட்டியில் சுமந்துகொண்டு நான்கு மாடியும் இறங்கினாள். வாசலில் காவலாளி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பெட்டியில என்னம்மா?"

"அடுத்தவங்க தப்பு எல்லாம்" என்றாள். அவர் திறந்து பார்க்கவில்லை.

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அந்த அலுவலகம் ஒரு மரபணுத் தரவுக் களஞ்சியம். எந்த உயிரின் மரபணுவும் நான்கே எழுத்துகள் மாறிமாறி வரும் நீண்ட வரிசைதான். ஆய்வகங்கள் தாங்கள் படித்தெடுத்த வரிசைகளை அங்கே அனுப்பும். அவள் ஒவ்வொன்றையும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, எண் கொடுத்துப் பொதுவில் வைப்பாள். பிறகு உலகத்தில் யாரும் தன் கையிலுள்ள புது வரிசையை அதோடு பொருத்திப் பார்க்கலாம். பொருந்தினால் பழையதன் பெயரையே புதியதற்கும் கணினி வைத்துவிடும். சௌகரியம்தான், பழைய பெயர் சரியாக இருக்கும்வரை.

அவளுடைய வேலையைப் பறித்த பதிவு, அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது நுழைந்தது. ஆழமான ஏரியில் வாழும் மீனின் குளிர் தாங்கும் மரபணு என்று சொல்லி ஒரு பேராசிரியர் அனுப்பியிருந்தார். திரும்பி வந்தவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஆயிரத்து இருநூறு எழுத்துகளும் மனிதனுடையதோடு ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்தின. மீனுக்கும் நமக்கும் சாயல் இருக்கலாம், அச்சு அசலாக இருக்காது. யாரோ கையுறை போடாமல் மீனைத் தொட்டிருக்கிறார்கள். அந்தத் துணுக்கு தொட்டவருடையது.

அதற்குள் நாற்பத்தொரு பதிவுகள் அந்தப் பெயரை வாங்கியிருந்தன. தவளை, இறால், கோதுமைகூட. எந்த ஆய்வகத்திலெல்லாம் வெறுங்கை பட்டதோ, அங்கெல்லாம் ஒரு குளிர்தாங்கி.

பதிவைத் திருத்தும் உரிமை அனுப்பியவருக்கு மட்டுமே. அதுதான் விதி. பேராசிரியருக்கு நான்கு கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. மேலாளர்தான் கூப்பிட்டார்.

"அவர் எவ்வளவு பெரிய மனுஷர்னு தெரியுமாம்மா?"

"மனுஷர்னு தெரியும் சார். பதிவுலயே இருக்கு."

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

பேருந்து ஓட்டும் கணவனுக்கும் இது பிடிபடவில்லை. "நீ பண்ணின தப்பு இல்லையே. விட்டுத் தொலையேன்."

"உங்க பஸ்ல போர்டை மாத்தி மாட்டினா?"

"ரெண்டாவது ஸ்டாப்ல ஜனங்க சட்டையைப் பிடிச்சிடுவாங்க."

"இங்க பிடிக்க ஆளில்ல. ஏறிக்கிட்டே இருக்காங்க."

மறுநாள் அந்தப் பதிவின் குறிப்புக் கட்டத்தில் அவளே ஒரு வரி எழுதினாள்: 'இது மீனல்ல, மனித மாசு.' ஒரு மணி நேரத்தில் வரியை எடுத்தார்கள், அடுத்த செவ்வாய் அவளை. விதியை மீறினாள் என்பதுதான் குற்றச்சாட்டு. எழுதியது பொய் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விசாரிக்க வேண்டி வந்திருக்கும்.

இப்போது இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறாள். பெயரை இரண்டு தடவை கேட்காமல் ஒட்டமாட்டாள். "எத்தனை வாட்டிம்மா சொல்றது?" என்று எரிந்து விழுபவர்களிடம், "தப்பா ஒட்டினா உங்க சர்க்கரை வேறொருத்தருக்குப் போயிடும்" என்பாள். பெயரை மறுபடி சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார்கள்.

அந்தப் பதிவில் ஏதாவது மாறினால் தனக்குத் தகவல் வரும்படி வேலை போன அன்றே பதிந்து வைத்திருந்தாள். அதன் பெயரை வாங்கிய பதிவுகளை மாதம் ஒரு தடவை எண்ணியும் பார்ப்பாள். நாற்பத்தொன்று இருநூறாயிற்று. பிறகு தொள்ளாயிரத்து ஆறு. ஒருவர் அந்தக் கோதுமையை வைத்து முனைவர் பட்டமே வாங்கிவிட்டார்.

ஆறு வருடம் கழித்து, குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தாள்.

'நீங்கள் கவனித்துவரும் பதிவு நீக்கப்பட்டுள்ளது. காரணம்: மனித மாசு. பிழையைக் கண்டறிந்தவர்: பதிவை அனுப்பிய பேராசிரியர். அவருடைய நேர்மைக்குக் களஞ்சியம் நன்றி தெரிவிக்கிறது. இதைப் பார்த்துப் பெயரிடப்பட்ட பிற பதிவுகளை, விதிப்படி, அவற்றை அனுப்பியவர்களே திருத்திக்கொள்ள வேண்டும்.'