ஜிஞ்சர் பியர் ரொக்கெட்

ஈரப் புல்லின் மணம். சைக்கிள் பம்ப் மூச்சு வாங்குகிற சத்தம்.

ரொக்கெட் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது இவைதான்... நெருப்போ புகையோ இல்லை.

அவுஸ்திரேலியாவில், ஹோம்புஷில் இருந்த காலம். நான் இயர் சிக்ஸ். சயன்ஸ் வீக்கில் ரொக்கெட்டின் வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு பள்ளிக்கூட மைதானத்தில், ஓவலில், தண்ணீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் போத்தலை மேலே விட வேண்டும்.

பெரிய ஜிஞ்சர் பியர் சோடாப் போத்தலை அப்பா ஒரே நாளில் குடித்து முடித்தார். "பிள்ளையின்ர படிப்புக்காகத்தான் குடிக்கிறன்."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மா வந்து பார்க்க வேண்டும்.

அது சந்தேகம். நியூ இயர் வாணவேடிக்கைக்கே ஜன்னல்களை எல்லாம் பூட்டி, டிவியைச் சத்தமாக வைப்பவர். யுத்தத்துக்குள் வன்னியில் இருந்து வந்தவர். சீறிக்கொண்டு எது மேலே போனாலும் அவருக்கு ஆகாது.

குசினியில் நின்று என் பேச்சை வாசித்துக் காட்டினேன். சீனாவின் நெருப்பு அம்புகள். மைசூரின் இரும்புக் குழாய்கள். அமெரிக்காவில் ஒரு பண்ணையில் இருந்து கிளம்பிய ரொக்கெட். அவுஸ்திரேலியாவில் ரொக்கெட் விட்டுப் பார்த்த எங்கள் வூமெரா பாலைவனம்.

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எல்லாம் மேல போனதைத்தான் எழுதியிருக்கிறாய். விழுந்ததெல்லாம் எங்க?"

"அது இம்போர்ட்டன்ட் இல்லை அம்மா."

"கீழ இருக்கிறவைக்கு அதுதான் இம்போர்ட்டன்ட்."

அடுத்த நாள் லைப்ரரியில் தேடினேன். அந்த அமெரிக்க ரொக்கெட், ஒரு முட்டைக்கோவாத் தோட்டத்தில் விழுந்திருந்தது. வூமெராவில், ரொக்கெட் போகும் வழியில் இருந்த பண்ணை வீடுகளுக்குப் பதுங்குகுழி கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கும் முன்பே அந்த மண்ணில் இருந்த ஆதிக்குடிகளைப் பற்றி, நான் எடுத்த புத்தகத்தில் ஒரே ஒரு வரி.

வந்து சொன்னேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"பங்கரோ? அவுஸ்திரேலியாவிலயோ?"

"ஓம் அம்மா."

சிரிக்கத் தொடங்கினார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "இஞ்சேருங்கோ, கேட்டியளே? வெள்ளைக்காரரும் பங்கருக்க இருந்திருக்கினமாம்!" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

பிறகு, சாதாரணமாக:

"எத்தனை மணிக்கு உன்ர ரொக்கெட்?"

ஓவலில் எல்லாரும் பத்தில் இருந்து கீழே எண்ணினார்கள். போத்தல் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு ஏறியது. பிள்ளைகள் கத்தினார்கள், கை தட்டினார்கள்.

அம்மாவின் கை என் தலையில் இருந்தது. அழுத்தியது. நான் பாதி குனிந்து நின்றேன்.

மற்றவர்கள் எண்ணி முடித்த பிறகு, அவர் எண்ணத் தொடங்கியிருந்தார். உதட்டுக்குள்.

ஒண்டு... ரெண்டு... மூண்டு...

வன்னியில், ஷெல் கிளம்புகிற சத்தம் கேட்டால் அது விழும்வரை எண்ணுவார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

போத்தல் வேலியோரப் புல்லில் விழுந்தது. என் தலையில் இருந்த கை இளகியது.

"விழுந்திட்டுது," என்றார்.

அதன் பிறகு கை தட்டினார். அந்த ஓவல் முழுவதிலும் அவர் ஒருவர் மட்டும். என் ரீச்சர் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று விளங்காமலே தானும் சேர்ந்து தட்டினார்.

இப்போது நான் மெல்பேர்ணில், ட்ருகனினாவில். அம்மா இன்னும் அதே ஹோம்புஷ் ஃப்ளாட்டில். போன கிழமை ஒரு வீடியோ அனுப்பினேன். ரொக்கெட் ஒன்று மேலே போய், திரும்பி வந்து, நிமிர்ந்தபடியே தரையில் நிற்கிறது. அதை ஏவியவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்கிறார்கள்... கிளம்பும்போது அல்ல, இறங்கிய பிறகு.

அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.

"பார்த்தனீங்களோ?"

"ஓம். எப்ப கை தட்ட வேணும் எண்டு இப்பதான் அவைக்கு விளங்கியிருக்கு."

சிரித்தேன். அவரும் சிரித்தார், அன்றைக்குக் குசினியில் சிரித்தது போல.

"நியூ இயருக்கு வாறியோ?"

"வாறன் அம்மா."

"வா. ஜன்னல் பூட்ட ஆள் வேணும்."